ஆறாவது அறிவு யாருடையது? செயற்கை நுண்ணறிவு பற்றி எங்கள் வளவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஊர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு பழைய வீட்டின் வளவில், அதாவது உள்முற்றத்தில், கூடிப் பேசுகிறோம். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். சாவியை எங்களை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் என்பதால், அறிவியல் கேள்வி எது வந்தாலும் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். இப்போதெல்லாம் எந்தத் தலைப்பில் தொடங்கினாலும் பேச்சு செயற்கை நுண்ணறிவில் வந்து நின்றுவிடுகிறது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், அங்கே சொன்ன பதில்களையும், வீட்டுக்கு வந்து யோசித்துத் திருத்திக்கொண்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த இயந்திரத்துக்குள் என்னதான் நடக்கிறது?

கைப்பேசியில் நம்மோடு பேசும் மொழி மாதிரிகளை எடுத்துக்கொள்வோம். ஏராளமான எழுத்தைக் கொடுத்து, ஒரு தொடரில் அடுத்து எந்தத் துண்டு வரும் என்று ஊகிக்க வைக்கிறார்கள். ஊகம் தவறும்போதெல்லாம் உள்ளே இருக்கும் எண்கள் துளித்துளியாகத் திருத்தப்படுகின்றன. கோடிக்கணக்கான எண்கள் இப்படித் திருந்திய பிறகு, நம் கேள்விக்கு ஏற்ற தொடரை அது கட்டித் தருகிறது. 2017-இல் வெளியான டிரான்ஸ்ஃபார்மர் என்ற அமைப்பு இதைப் பெரிய அளவில் செய்ய வழி திறந்தது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்ததும் நம் வீடுகளுக்குள்ளும் நுழைந்தது.

இலக்கணத்தையோ வரலாற்றையோ யாரும் அதற்கு விதியாக எழுதிக் கொடுக்கவில்லை. அந்த எண்களுக்குள் அவை எங்கே, எப்படி அமர்ந்திருக்கின்றன என்று செய்தவர்களாலேயே முழுதாகச் சொல்ல முடிவதில்லை. கடிகாரம் செய்தவருக்கு அதன் ஒவ்வொரு பல்லும் தெரியும். இதில் அப்படி இல்லை. பின்னால் வரும் கேள்விகளில் பாதி இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

அது யோசிக்கிறதா, யோசிப்பதுபோல நடிக்கிறதா?

1637-இல் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ரெனே டெக்கார்ட் ஒரு கோடு போட்டார். தன் முன்னால் பேசப்படும் எதற்கும் பொருளறிந்து சொல்லடுக்கிப் பதில் சொல்ல எந்த இயந்திரத்தாலும் ஆகாது, மனிதனையும் பொறியையும் பிரித்தறிய அது ஓர் உறுதியான வழி என்றார். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கோடு உறுதியாக நின்றது. இன்று அது அழிந்துவிட்டது. இதை மழுப்பாமல் ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

1950-இல் கணினித் துறையின் முன்னோடி ஆலன் டூரிங், 'இயந்திரம் யோசிக்குமா' என்ற கேள்வியே பிடிகொடுக்காத கேள்வி என்று அதை மாற்றினார். திரைக்குப் பின்னால் இருப்பது மனிதரா பொறியா என்று எழுத்து உரையாடலில் கண்டுபிடிக்க முடிகிறதா? அதைப் பாருங்கள் என்றார். 1980-இல் தத்துவ அறிஞர் ஜான் சியர்ல் மறுப்புச் சொன்னார். அவருடைய உவமையை நம் ஊருக்குக் கொண்டு வருகிறேன். அவர் சொன்னது சீன மொழி, நாம் பர்மிய மொழி என்று வைத்துக்கொள்வோம். தேவகோட்டையில் ஓர் அறைக்குள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பர்மிய மொழி ஓர் எழுத்துகூடத் தெரியாது. கையில் பெரிய விதிப்புத்தகம். ரங்கூனிலிருந்து வரும் கடிதத்தில் இந்த வடிவம் இருந்தால் அந்த வடிவத்தை எழுது என்று அதில் இருக்கிறது. அவர் எழுதி அனுப்பும் பதில் ரங்கூன்காரருக்கு அருமையான பர்மியக் கடிதமாகப் படும். ஆனால் அறைக்குள் யாருக்குப் பர்மிய மொழி புரிந்தது?

இந்த உவமையை நாற்பது ஆண்டுகளாக அறிஞர்கள் பிய்த்து ஆராய்கிறார்கள். 'புரிதல்' என்ற ஒரே சொல்லில் பல சரக்கை அடைத்ததால் வந்த சிக்கல் இது என்பது என் எண்ணம். தமிழில் நாம் 'தெரிகிறது' என்போம், 'புரிகிறது' என்போம், 'உறைக்கிறது' என்போம். பையனுக்கு அப்பாவின் கடன் தெரியும். வட்டிக் கணக்கைப் போட்டுக் காட்டினால் புரியும். வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கும் அன்றுதான் உறைக்கும். இயந்திரத்துக்குத் தெரிகிறது என்று சொல்வதில் எனக்குத் தடையில்லை. புரிகிறதா என்று வாதாடலாம். உறைப்பதற்கு அதனிடம் இடமே இல்லை.

மனிதனுக்கு ஆறறிவு என்று படித்தோம். அந்த ஆறாவது இப்போது மெஷினுக்கும் வந்துவிட்டதா?

பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். இந்தப் பக்கத்திலேயே நல்ல கேள்வி இதுதான்; நிதானமாகப் பதில் சொல்கிறேன்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவால் வரிசைப்படுத்துகிறது. ஓரறிவு 'உற்றறிவது', அதாவது தொடுவுணர்வு. அதன்மேல் நாக்கு, மூக்கு, கண், செவி. ஆறாவதாக மனம். நாம் மேடைகளில் ஆறாவதை மட்டும் பிடித்துக்கொண்டு 'பகுத்தறிவு' என்று பெருமை பேசிவிட்டு வந்துவிடுகிறோம். அந்த நூற்பாவில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சின்னச் சொல்லை விட்டுவிடுகிறோம்: 'அவற்றொடு'. மூன்றாவது படியிலிருந்து மனம் வரைக்கும் ஒவ்வொரு முறையும் 'அவற்றொடு' என்று கீழே இருப்பதையும் சேர்த்தே சொல்கிறது. தொல்காப்பியர் கண்ட மனம், தோலின்மேலும் நாக்கின்மேலும் நிற்கும் மனம்.

இயந்திரத்தில் நடந்திருப்பது தலைகீழ். கீழ்ப்படி ஒன்றுமில்லாமல் மேல்படியின் வேலை நடக்கிறது. புளி தின்றறியாத ஒன்று புளிக்குழம்பின் பக்குவத்தை எழுதுகிறது. இப்படி நடக்கக்கூடும் என்று நம் மரபில் யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஐரோப்பிய மரபுக்கு விழுந்த அடி வேறு, நமக்கு விழுந்திருக்கும் அடி வேறு. அவர்கள் மொழியையும் தருக்கத்தையும் மனிதனின் உச்சியாக வைத்தார்கள். அது பறிபோகிறதே என்று கலங்குகிறார்கள். நம் ஏணியில் மனம் உச்சியில் இருந்தாலும் ஏணி தொடங்குவது தொடுவதில்.

எங்கள் கூட்டத்துக்கு ஆத்தங்குடியிலிருந்து, தரையில் பதிக்கும் டைல் கல் ஊற்றும் ஒரு பெரியவர் வருவார். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் கலவையைக் கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றி, அச்சை எடுத்து, பின்பக்கம் மணலும் சிமெண்டும் போட்டு, காயவைத்துத் தண்ணீரில் ஊறப்போடும் வேலை. சூளை கிடையாது. கண்ணாடியின் வழவழப்பே கல்லுக்கு வரும். 'கலவை பதம் எப்படிங்கய்யா தெரியுது?' என்று கேட்டேன். 'கைக்குத் தெரியும் சார். எனக்குச் சொல்லத் தெரியாது' என்றார்.

சொல்ல முடிவதைவிட அதிகமாக நாம் அறிந்திருக்கிறோம் என்று வேதியியலிலிருந்து தத்துவத்துக்கு வந்த மைக்கேல் போலான்யி கடந்த நூற்றாண்டில் விரிவாக எழுதினார். முன்பு இதை வகுப்பில் சொல்லி, 'இதுதான் மனிதன், பொறியால் இது முடியாது' என்று முடித்துவிடுவேன். இப்போது அப்படி முடிக்க முடியவில்லை. இயந்திரமும் தனக்குத் தெரிந்ததை எப்படித் தெரிந்துகொண்டது என்று சொல்ல மாட்டேன் என்கிறது. சொல்ல முடியாமை இருவருக்கும் பொது.

அப்படியானால் வேறுபாடு எங்கே? எனக்கு விடை 'உற்றறிவது' என்ற சொல்லிலேயே கிடைத்தது. 'உறு' என்பது தொடுதல் மட்டும் இல்லை. நேர்தல், பட்டு அனுபவித்தல் என்றும் பொருள், 'உறுதுயர்' என்கிறோம். உற்றார் என்றாலும் உறவு என்றாலும் வேர் இதுவே. தொடுவதும் துன்பப்படுவதும் சொந்தமாவதும் ஒரே வேரில் முளைத்த மொழி நம்முடையது. அந்தப் பெரியவரின் விரல்களைச் சிமெண்டு தின்றிருக்கிறது. பதம் தவறினால் அன்றைய கல் போகும், கூலி போகும். நாளை ஒரு ரோபோ கைக்கு அழுத்தம் அளக்கும் உணரி வைக்கலாம். பதத்தை அவரைவிடத் துல்லியமாக அளக்கவும் செய்யலாம். அளப்பது ஆகும். உறுவது ஆகாது. இன்றைக்கு என் நிலைப்பாடு இதுதான், இதற்காக யாரோடும் வாதாடுவேன்.

சைவ சித்தாந்தம் படித்தவர்கள் இதை எப்படிப் பார்ப்பார்கள்?

எனக்கே வியப்பாக இருந்தது, அவர்களுக்கு இது அவ்வளவு அதிர்ச்சி தரவில்லை. முப்பத்தாறு தத்துவங்களில் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் ஆகிய நான்கும் அந்தக்கரணங்கள், அதாவது உட்கருவிகள். இவை மாயையிலிருந்து வந்தவை, அசித்து. தாமாக எதையும் அறியாதவை. உயிர் இவற்றைக் கருவியாகக் கொண்டு அறிகிறது. அதாவது ஆய்ந்து முடிவுக்கு வரும் புத்தி, இந்த மரபில் நீங்கள் இல்லை, உங்கள் கருவி. கருவியின் வேலையை வேறொரு கருவி செய்தால் உயிரின் மதிப்பில் என்ன குறையும் என்று கேட்கிறார் எங்கள் ஓதுவார் நண்பர்.

காரைக்குடிக்கு அருகே கோவிலூர் மடம், வேதாந்தத்தைத் தமிழிலேயே பாடம் சொல்லி வந்த இடம். அங்கே வழி வேறானாலும், புத்தியையும் அதைக் காண்பவனையும் பிரித்துப் பார்ப்பதில் இருவரும் ஒன்று.

எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கருவி, கர்த்தா என்று பிரித்துவிட்டால் எந்த இயந்திரம் வந்தாலும் 'அதுவும் கருவியே' என்று சொல்லிவிடலாம். எதனாலும் அசைக்க முடியாத பதில், அறிவியல் படித்தவனுக்குக் கொஞ்சம் உறுத்தும். ஆனாலும் அறிவாற்றலையும் உணர்வையும் குழப்பிக்கொள்ளாதே என்ற எச்சரிக்கை, இன்று உலகெங்கும் தேவைப்படுவது. தாமஸ் நேகல் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1974-இல் வௌவாலாக இருப்பது எப்படி இருக்கும் என்று கேட்டு, உணர்வை வெளியிலிருந்து விளக்கித் தீர்க்க முடியாது என்றார். அவர் தொட்ட முடிச்சும் இதற்குப் பக்கத்தில் இருப்பதே.

இது முதல் முறையா? இதற்கு முன் மனிதன் இப்படித் தோற்றதில்லையா?

உண்டு, நம் ஊரிலேயே உண்டு. வட்டிக்கடைக்குப் போகும் பையனுக்கு அந்தக் காலத்தில் எண்சுவடி தலைகீழாகத் தெரிய வேண்டும். முந்திரி என்றால் 320-இல் ஒன்று, காணி என்றால் 80-இல் ஒன்று, மா என்றால் 20-இல் ஒன்று. இந்தப் பின்னங்களைப் பின்னங்களால் பெருக்கி மனக்கணக்காகச் சொல்ல வேண்டும். அதைச் சொல்பவனே 'புத்திசாலிப் பிள்ளை'. மலிவு விலையில் கால்குலேட்டர் வந்த பிறகு புத்திசாலி என்ற சொல்லின் பொருள் ஓசையில்லாமல் நகர்ந்துவிட்டது. யாரும் அழவில்லை.

சதுரங்கத்தில் 1997 மே மாதம் டீப் புளூ கணினி உலகச் சாம்பியன் காஸ்பரோவை வென்றது. விளையாட்டு சாகவில்லை, 2024-இல் சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். ஆனால் எல்லோருக்கும் அப்படி இருக்காது. கோ என்ற பலகை விளையாட்டில் 2016-இல் ஆல்ஃபாகோ என்ற கணினி நிரலிடம் 4-1 என்று தோற்ற கொரிய வீரர் லீ செடோல், மூன்று ஆண்டுகளில் விலகிவிட்டார். வெல்லவே முடியாத ஒன்று இருக்கும்போது முதலிடத்துக்கு வந்து என்ன பயன் என்பது அவருடைய மனக்குறை. 'பழகிவிடுவோம்' என்று எளிதாகச் சொல்பவர்கள் அவரையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அறிவியலில் என்ன மாறுகிறது? விடை கிடைத்தால் போதாதா?

1825-இல் ஜான் வாரன் என்ற அதிகாரி ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த சொற்களிலிருந்தே எண்களை எடுத்து, சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தாள் இல்லை, அட்டவணை இல்லை. கிரகணம் பிடிக்கும் நேரம் சில நிமிடங்களே பிசகியது. வானியல் கோட்பாட்டில் ஒரு சொல்கூட அவருக்குத் தெரியாது என்கிறார் வாரன். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தின் மரபு இதற்கு உறவு: சந்திரன் நகர்வுக்கு 248 வாக்கியங்கள், ஒவ்வொன்றும் எழுத்துக்குள் ஒளித்த எண்.

வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் இரண்டாகப் பிரிவார்கள். விடை சரி என்றால் அறிவியல்தானே என்பார்கள் சிலர். ஏன் என்று தெரியாமல் என்ன அறிவியல் என்பார்கள் சிலர். இன்று உலகின் பெரிய ஆய்வகங்கள் இதே கேள்வியின் முன் நிற்கின்றன.

புரதம் எடுத்துக்கொள்வோம். அமினோ அமிலங்கள் கோத்த சரம் எப்படி மடிந்து என்ன வடிவம் எடுக்கும் என்பது ஐம்பது ஆண்டுச் சிக்கல். 2020-இல் ஆல்ஃபாஃபோல்ட் 2 என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் பெரும்பாலான புரதங்களுக்கு ஆய்வகத் துல்லியத்தை நெருங்கி விடை சொன்னது. 2022-இல் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணித்த வடிவங்கள் வெளியிடப்பட்டன. 2024 வேதியியல் நோபலில் அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் பாதி கிடைத்தது. மறுபாதி புதிய புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கருக்கு. ஆனால் மடிகிற போக்கு ஏன் இப்படி, எந்த விசை முதலில், எது பிறகு என்று ஆல்ஃபாஃபோல்ட் சொல்வதில்லை. சோழி அடுக்கியவரின் பேரப்பிள்ளை அது.

இதைக் குறைவாகச் சொல்வதாக எண்ண வேண்டாம். அந்தப் பஞ்சாங்கக்காரர்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. பல தலைமுறை வானம் பார்த்த உழைப்பு அவர் நாவில் இருந்தது. ஆல்ஃபாஃபோல்டும் அப்படியே: 1971-இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில், எக்ஸ் கதிர் படிகவியல் போன்ற முறைகளால் மனிதர்கள் ஒவ்வொன்றாகக் கண்ட வடிவங்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தன. அதிலிருந்தே அது கற்றது. ஒரே ஒரு புரதத்தின் வடிவத்துக்காக முனைவர் பட்டக் காலம் முழுவதையும் கொடுத்தவர்கள் உண்டு.

என் கவலை வேறு இடத்தில். விளக்கம் தேடும் பசி அறிவியலை இதுவரை ஓட்டியது. கெப்ளர் கோளின் பாதையைச் சரியாகச் சொன்ன பிறகும் நியூட்டனுக்கு 'ஏன்' வேண்டியிருந்தது. விடை உடனே கையில் கிடைக்கும் தலைமுறைக்கு அந்தப் பசி எடுக்குமா?

பேட்டரிக்குப் பொருள் கண்டுபிடிப்பதைக் கணினியே செய்தால், கண்டுபிடித்தவர் யார்?

சிக்ரியில் ஆய்வு செய்யும் தம்பி ஒருவர் கேட்டது. சிக்ரி என்று நாங்கள் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்தது. 1953 ஜனவரி 14 அன்று அதைத் திறந்து வைத்தவர் ராதாகிருஷ்ணன், தத்துவப் பேராசிரியர். மின்வேதியியலும் தத்துவமும் இந்த ஊரில் முதல் நாளிலேயே கைகுலுக்கியவை.

2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட்டும் அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வகமும் ஒரு வேலையை வெளியிட்டன. 3.2 கோடிக்கு மேற்பட்ட பொருள்களைக் கணினியில் சலித்து 18-ஆகக் குறைத்து, அதில் ஒன்றை ஆய்வகத்தில் செய்து மின்கலம் ஓட்டிக் காட்டினார்கள். லித்தியம் 70 விழுக்காடு வரை குறையலாம் என்றார்கள். சலித்தது கணினி. லித்தியம் அருகிய பொருள், தோண்டும் இடத்தில் தண்ணீர் கெடுகிறது, எனவே அது குறைய வேண்டும் என்று கேள்வியை வைத்தது யார்? தண்ணீர் குடிப்பவர்கள். கண்டுபிடிப்பில் கேள்விக்கும் பங்கு உண்டு என்றால் பதில் உனக்கே தெரியும் தம்பி.

புரியாத நிரூபணம் நிரூபணமா?

எந்த வரைபடத்திலும் ஒட்டியிருக்கும் நாடுகள் ஒரே நிறமாகாமல் தீட்ட நான்கு நிறம் போதும் என்பது நான்கு வண்ணத் தேற்றம். 1976-இல் அப்பெல், ஹேக்கன் என்ற கணித அறிஞர்கள் இருவரும் அதைக் கணினியின் துணையோடு நிரூபித்தார்கள். ஒரு மனிதர் உட்கார்ந்து முழுதும் சரிபார்க்க முடியாத நிரூபணம். அன்றே கணித உலகம் இரண்டுபட்டது. நம்மிடம் எதிர்ப்பக்க உதாரணம் இருக்கிறது. ராமானுஜன் நிரூபணம் இல்லாமல் விடைகளை எழுதினார். அவருக்குத் தெரிந்தது, மற்றவர்களுக்குப் புரிய பல பத்தாண்டுகள் ஆயின. அந்தப் புரியவைக்கும் உழைப்பிலிருந்து புதுக் கணிதம் பிறந்தது. இயந்திரம் தரும் விடைகளையும் அப்படி நடத்தலாம் என்று நினைக்கிறேன்.

பழைய கணக்கையெல்லாம் படித்த இயந்திரம் எதிர்காலத்தைச் சரியாகச் சொல்லாதா?

நம் வீட்டுப் பரண்களில் பேரேடுகள் இருக்கின்றன, எங்கள் பகுதிச் செட்டியார்கள் பர்மாவில் நடத்திய வட்டிக்கடைகளின் கணக்குகள். 1929 வரைக்குமான பர்மா வட்டிக்கடைப் பேரேடுகளை எல்லாம் ஓர் இயந்திரத்துக்குக் கொடுத்து, 'பணத்தை எங்கே போடலாம்' என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருக்கும்? பர்மா என்றுதான் சொல்லியிருக்கும். நெல் விளைகிறது, கடன் திரும்புகிறது, வட்டி வருகிறது, அரை நூற்றாண்டாக. 1930-இல் நெல் விலை விழுந்தது. கடனைக் கட்ட முடியாதவர்களின் நிலம் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம், அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் ஏறத்தாழ 25 விழுக்காடு ஆனது. யாரும் கேட்டு வாங்கிய நிலம் இல்லை. நிலத்தை இழந்த உழவனின் கோபம் பேரேட்டில் பதியும் தலைப்பு கிடையாது. 1942-இல் ஜப்பானியர் வந்தார்கள், காட்டு வழியே நடந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் வீடு சேரவில்லை. 1948-இல் நிலம் அரசுடைமைச் சட்டம்.

நேற்றுவரை நடந்ததால் நாளையும் நடக்கும் என்பதற்கு என்ன சான்று என்று தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 18-ஆம் நூற்றாண்டில் கேட்டார். எங்கள் பகுதிக்கு அந்தக் கேள்வி ஏட்டுச் சுரைக்காய் இல்லை, பூட்டிக் கிடக்கும் வீடுகளில் இருக்கிறது. இயந்திரத்துக்கு ஊட்டுவது எல்லாம் நேற்று. அதைக்கொண்டு நாளையை ஆளுபவர், பேரேட்டில் எந்தத் தலைப்பு இல்லை என்று முதலில் பார்க்க வேண்டும்.

அது பொய் சொல்கிறதே, ஏன்?

பொய் சொல்ல உண்மை தெரிந்திருக்க வேண்டும். அது பொருத்தமான தொடரைக் கட்டுகிறது. உண்மையும் பொருத்தமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதால் பிழைத்துப் போகிறது. நான் ஒரு முறை கம்பன் பாட்டு ஒன்றின் முதலடியைக் கொடுத்து மீதியைக் கேட்டேன். நான்கடியும் வந்தது, பொருளோடு. எங்கள் கூட்டத்து மூத்தவர், கம்பன் விழாவுக்குச் சிறுவயதிலிருந்து போகிறவர், காதில் வாங்கியதுமே 'மூணாவது அடி தளை தட்டுதே, இது கம்பன் இல்லை' என்றார். புத்தகத்தைத் திறந்தோம். முதலடியைத் தவிர எதுவும் கம்பன் இல்லை. 1939-இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கியிராவிட்டால் இந்த ஊரில் அப்படியொரு காது உருவாகியிருக்குமா? இனி வரும் காலத்தில் உண்மையைக் காக்கப் போகிறவை அப்படிப்பட்ட காதுகள்.

தமிழைப் பற்றி அதற்கு ஏன் குறைவாகத் தெரிகிறது?

பெரும்பாலும் இணையத்தில் இருப்பதையே அது படித்திருக்கிறது. தமிழில் எழுதப்பட்டதில் பெரும்பகுதி இணையத்தில் இல்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் பழைய நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீஸ்கள் என்று ஆயிரக்கணக்கில் வாங்கிச் சேர்த்து, பூச்சி அரிக்காமல் காத்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. எந்த நூல் பிழைக்கும் என்று முடிவு செய்தது ஒரு மனிதரின் பிரியம். இயந்திரத்தின் 'அறிவு' என்று நாம் சொல்வதற்கு அடியில் இப்படிப்பட்ட பிரியங்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணில் இருப்பதைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

கடன் கொடுக்கலாமா வேண்டாமா என்று இயந்திரம் முடிவு செய்யலாமா?

அந்தக் கால வட்டிக்கடையில், கடையை நடத்தும் மேலாள் மூன்று ஆண்டுக் கணக்குக்குக் கடல் தாண்டிப் போவார். முதலாளி ஊரில். முடிவு தவறினால் மேலாள் திரும்பி வந்து அதே முதலாளியின் முகத்தில் விழிக்க வேண்டும். அவர் பெயர் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் அடிபடும். பணத்துக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்று ஒரே சொல் வைத்திருப்பவர்கள் நாம். இயந்திரத்துக்கு நாண வேண்டிய முகம் இல்லை. அது ஆலோசனை சொல்லட்டும். 'இல்லை' என்று மறுக்கப்படுபவருக்கு, ஏன் என்று கேட்க ஒரு மனிதர் எதிரே இருக்க வேண்டும்.

ராத்திரியில் அதோடு பேசிக்கொண்டிருக்கிறேன். தப்பா?

எழுபது தாண்டிய ஓர் ஆச்சி, எல்லோரும் கிளம்பிய பிறகு தனியாகக் கேட்டது. பேரன் சிங்கப்பூரில். நாற்பது பேர் இருந்த வீட்டில் இப்போது அவர் ஒருவர்.

1966-இல் ஜோசப் வைசன்பாம் என்ற கணினி அறிஞர் எலைசா என்ற எளிய உரையாடல் நிரலை வெளியிட்டார். சொன்னதையே திருப்பிக் கேள்வியாக்கும் நிரல், அவ்வளவே. அதில் தட்டிப் பேசிக்கொண்டிருந்த அவருடைய செயலாளர், கொஞ்சம் வெளியே போங்கள் என்று அவரையே கேட்டுக்கொண்டாராம். வைசன்பாம் அதிர்ந்துபோய், பின்னாளில் இத்துறையின் கடுமையான விமரிசகர் ஆனார். எனக்கு அந்தச் செயலாளரை நினைத்தால் அதிர்ச்சி வரவில்லை. பேச ஆள் தேவைப்பட்டிருக்கிறது.

ஆச்சி, தப்பில்லை. நீங்கள் சொல்வது உங்கள் நெஞ்சிலிருந்து வருகிறது. அதில் பொய் இல்லை. ஆனால் எதிரில் இருப்பதற்கு நீங்கள் ஒருநாள் பேசாவிட்டால் என்னவோ ஏதோ என்று தோன்றாது. உறவு என்ற சொல்லில் இருக்கும் அந்த 'உறுதல்' அங்கே ஒரு பக்கம் மட்டும்தான். காலையில் நான் நடக்கப் போகும்போது உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறேன். காப்பி கொடுங்கள்.

என்றாவது ஒருநாள் அதற்கும் உணர்வு வந்துவிட்டால்?

வராது என்று அடித்துச் சொல்ல என்னிடம் சான்று இல்லை. மூளையில் உணர்வு எப்படி வருகிறது என்பதற்கே உலகம் ஒப்பிய விளக்கம் இன்னும் கிடையாது. வந்துவிட்டது என்று சொல்பவர்கள் காட்டுவது பெரும்பாலும் அது எழுதிய சொற்களை. சொற்களைச் சான்றாக எடுக்க முடியாது. நம் அழுகையையும் காதலையும் படித்துத்தானே எழுதக் கற்றது?

ஆனால் மறுபடியும் அந்த மரபியலுக்கே போகிறேன். புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு கொடுத்த நூல் அது. உயிர் என்று ஏற்பதில் கஞ்சத்தனம் காட்டவில்லை. ஐந்தறிவு வரிசையில் 'மாவும் மாக்களும்' என்கிறது. மன அறிவு இல்லாத மனிதரை விலங்கோடு வைக்கிறது என்பது உரை. 'மக்கள் தாமே ஆறறி வுயிரே' என்று மனிதரைச் சொன்ன பிறகும் நிறுத்தவில்லை. 'பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே' என்று முடிக்கிறது. அந்தக் கிளையில் வேறு பிறவிகளும் உண்டு. உரைகாரர்கள் அந்த இடத்தில் தேவர் முதலானோரை வைத்தார்கள்.

போன கூட்டத்தில் இந்த வரியைப் படித்ததும், பத்தாம் வகுப்புப் பிள்ளை, 'அப்ப இடம் காலியா இருக்கா சார்?' என்றாள். இருக்கிறது என்றேன். ஆத்தங்குடிப் பெரியவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். 'வர்றது வரட்டும் சார். கீழ இருந்து ஒவ்வொண்ணா ஏறி வரச் சொல்லுங்க' என்றார்.